பலகையில் ஐந்து நாற்பத்திரண்டு

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பலகைக்காரி என்றுதான் பெயர். வந்து சேரும் வண்டிகளின் நேரத்தைப் பெரிய கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. அந்த வேலையில் அவளைப் போன்ற பிடிவாதக்காரி இன்னொருத்தி இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். வண்டி தெருமுனையில் திரும்புவது அவள் உட்கார்ந்திருக்கும் ஜன்னலிலிருந்தே தெரியும். ஹாரன் கேட்கும். ஓட்டுநர் கையைக்கூட ஆட்டுவார். அவள் அசைய மாட்டாள். வண்டி உள்ளே வந்து நின்று, முதல் ஆள் தரையில் கால் வைத்த பிறகுதான் சாக்பீஸைக் கையில் எடுப்பாள்.

"அக்கா, டயரைக் கழட்டிக் கொண்டுவந்து மேஜைமேல வைக்கட்டுமா? அப்பவாவது வந்துடுச்சுன்னு எழுதுவீங்களா?" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

"ஆள் இறங்கட்டும். அப்புறம் எழுதறேன்," என்பாள். அதோடு சரி.

புதிதாக வந்த மேலாளர் ஒருவர், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் பயணிகளுக்கு வசதியாக இருக்குமே என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் எழுந்து நின்று, "கக்கூஸ் கழுவற வேலைக்கு வேணும்னா மாத்திடுங்க சார். வராத வண்டிக்கு நேரம் எழுத என்னால ஆகாது," என்றாள். குரலில் கோபம் இல்லை. மேலாளர் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. பத்தொன்பது வயதில் ஒருநாள் காலையில் அவள் வராத ஒன்றுக்கு நேரம் எழுதினாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம், அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு ஆளிடம் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே, முன்பு உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு தளம் போட்டிருந்தார்கள். அதன் கட்டளை அறையில் சுவரை அடைத்து ஒரு கரும்பலகை. பன்னிரண்டு வரிசை, நான்கு கட்டம். விமானத்தின் எண், விமானியின் பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். அவள் ஒரு மர ஸ்டூலில் ஏறி நின்று எழுதுவாள். கீழே தொலைபேசியில் ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் உட்கார்ந்து, ஓடுபாதைக் கோபுரத்திலிருந்து சொல்வதைக் கேட்டுச் சொல்வாள். தொலைபேசி சொல்லாமல் பலகையில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது என்பது விதி. போர் என்றதும் வீரம், தியாகம் என்று மேடையில் முழங்குகிறவர்களை அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது உட்கார வைத்திருக்க வேண்டும். நான்காவது கட்டம் நிரம்புகிறதா இல்லையா என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சே கிடையாது.

விதியை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தால் மனிதர்களால் அந்த அறையில் உயிரோடு இருக்க முடியாது. அதனால் பலகைப் பெண்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. விமானங்கள் பெரும்பாலும் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் திரும்பும். கிளம்பிப் போனவுடனே, கடைசிக் கட்டத்தில் எல்லா வரிசைக்கும் மெல்லிசாக ஒரு 5 போட்டு வைத்துவிடுவார்கள். "அஞ்சைப் போட்டு வச்சா, மிச்சத்தைக் கேட்டு வந்துடுவாங்க," என்பாள் ஒல்லி. கோபுரத்திலிருந்து தகவல் வந்த பிறகு பக்கத்தில் நிமிடத்தை மட்டும் சேர்க்க வேண்டியதுதான். அதிகாரி பார்ப்பார், பார்க்காதது போலப் போய்விடுவார்.

ஏழாவது வரிசை விமானத்தில் வால் பக்கத்துத் துப்பாக்கிக்காரன் ஒருவன் இருந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து போகிற ஆள். "எல்லாரும் போற இடத்தைப் பார்த்துட்டுப் போவாங்க. நான் மட்டும் வந்த இடத்தைப் பார்த்துக்கிட்டே போறேன்," என்பான். அவனை வால் என்றே கூப்பிட்டார்கள். அவனுடைய அம்மா அதே தளத்தின் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். மகன் எங்கேயோ தூரத்தில் பறப்பதை நினைத்து வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிட, பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்று வேலை கேட்டு வந்தவள். தளத்தில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. "அவன் பொறந்ததுலேருந்து வால்தான். ராணுவம் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு," என்று சொல்லிச் சிரிப்பாள்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையைப் படிக்கத் தெரியும். காலையில் கட்டளை அறைக்குத் தேநீர்த் தட்டோடு வருவாள். வாசலில் நின்று மேலிருந்து கீழே ஏழு எண்ணுவாள். கடைசிக் கட்டத்தில் ஒற்றை எழுத்து இருந்தால் பையன் இன்னும் வரவில்லை. மூன்று எழுத்து இருந்தால் வந்துவிட்டான். வந்துவிட்டால் ஓட்டமும் நடையுமாகப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். பறந்து திரும்புகிறவர்களுக்கு மட்டும் அப்போது ஆளுக்கு இரண்டு முட்டை உண்டு.

அன்றைக்குக் காலை ஐந்து முப்பத்தைந்துக்குள் பதினொரு விமானம் வந்துவிட்டது. ஏழாவது வரிசையில் மட்டும் மெல்லிசான 5 தனியாக நின்றது. பெரியம்மா தட்டோடு வாசலில் நின்றாள். வழக்கமாக நிற்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டுப் போய் மறுபடி வருவாள். அன்றைக்கு நின்றாள். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு என்று ஏழுவரை எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள், தப்பான வரிசையைப் பார்க்கிறோமோ என்று.

ஸ்டூலின் மேல் நின்றவளுக்கு அந்த முகத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருப்பதே பெரிய தண்டனையாக இருந்தது. அப்போது தூரத்தில் ஓர் இஞ்சின் சத்தம் கேட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தொலைபேசி அடிக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் எப்படியும் அடிக்கத்தான் போகிறது என்று நினைத்தாள். 5 என்பதற்குப் பக்கத்தில் 42 என்று எழுதினாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் நிற்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரியம்மா சிரித்தாள். தட்டை மேஜையில் வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் சமையல்கட்டுப் பக்கம் ஓடினாள்.

இஞ்சின் சத்தம் தலைக்கு மேல் வந்தது. நிற்காமல் கடந்து போயிற்று. அது வேறு ஏதோ தளத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் விமானம்.

ஒல்லி நிமிர்ந்து பார்த்து வெளிறிப்போனாள். "என்னடி பண்ணி வச்சிருக்கே? போன் வரலையே."

"வந்துடும்டி. கொஞ்சம் இரு."

அப்போதே துடைத்திருக்கலாம். ஓடிப்போய்ச் சமையல்கட்டில் சொல்லியிருக்கலாம். அவள் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. எழுதியதைத் துடைத்தால் அந்த விமானத்தைத் தானே கீழே தள்ளிவிட்டது போல ஆகிவிடும் என்று பயந்தாள். இருபத்தெட்டு நிமிடம் அப்படியே நின்றாள். ஆறு பத்துக்கு அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்தார், கோபுரத்துக்குப் பேசினார், போனை வைத்தார். யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை. "துடைச்சிடும்மா," என்றார். அவள் ஈரத்துணியால் துடைத்தாள். எந்தப் பதிவேட்டிலும் அந்த நேரம் ஏறவில்லை.

பெரியம்மாவிடம் அதிகாரியே போய்ச் சொன்னார். இரண்டு முட்டையும் தட்டில் தயாராக இருந்தன. அவள் முதலில் சிரித்தாளாம். "வேற யாரையோ சொல்றீங்க சார். என் பிள்ளை வந்துட்டான். கை கழுவிட்டு வருவான்," என்றாளாம். பிறகு கட்டளை அறைக்கு வந்தாள். ஏழாவது வரிசை ஈரம்கூடக் காயாமல் காலியாக இருந்தது. அதைப் பார்த்த அந்த நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று இறுகிவிட்டது, பிறகு அது இளகவே இல்லை.

"இருந்ததை ஏன் துடைச்சாங்க?" என்று கேட்டாள். ஸ்டூலருகே நின்ற பெண்ணைப் பார்த்தாள். "நீதானே எழுதினே?"

"ஆமா பெரியம்மா," என்றாள் அவள். அதற்கு அடுத்துச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை.

காணவில்லை என்று காகிதம் வந்தது. பிறகு, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இன்னொரு காகிதம். விமானம் கடலில் விழுந்திருக்கலாம், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அதே விமானத்தில் போன மற்ற ஆறு பேரின் வீட்டிலும் அழுதார்கள், மெதுவாக ஓய்ந்தார்கள். பெரியம்மா மட்டும் அழவில்லை. அவளுடைய கணக்கு வேறு. பிள்ளை தரையிறங்கிவிட்டான். அதைத் தன் கண்ணால் பார்த்தாள். இறங்கியவனை ராணுவம் வேறெங்கேயோ கொண்டுபோய், ஏதோ ரகசிய வேலையில் மாட்டிவிட்டு, பலகையைத் துடைத்துவிட்டது. இல்லையென்றால் எழுதியதை ஏன் துடைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்த அலுவலகத்தாலும் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பதில் இருந்த ஒரே இடம் ஒரு பெண்ணின் தொண்டை.

அந்தப் பெண்தான் பெரியம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். போர் முடிந்து தளத்தைக் கலைத்த பிறகு பெரியம்மா ஒருநாள் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். "நீ எழுதினதைத்தான் துடைச்சாங்க. நீயே எழுதிக் குடு," என்றாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? முதல் மனு எழுதினாள். பதில் வந்தது, வருந்துகிறோம் என்று. அடுத்த வருடம் அதே மாதத்தில் அடுத்த மனு.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, ஒரே அறையில் பெரியம்மா குடியிருந்தாள். படியேறும்போதே பசையின் நெடி மூக்கைத் துளைக்கும். ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, சுவரோரம் இரண்டு கட்டில். ஒன்றில் அவள் படுப்பாள். இன்னொன்றில் விரிப்பு மாற்றுவாள், யாரும் படுப்பதில்லை. மேஜைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு பலகைக்காரி உட்காருவாள். பெரியம்மா நின்றுகொண்டே சொல்லுவாள். "எழுது. அய்யா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஏழாவது வரிசை. மூணு எழுத்து." பலகைக்காரி அதை அலுவலகத் தமிழில் போட்டுப் படித்துக் காட்டுவாள். ஒரு வார்த்தை பிடிக்கவில்லையென்றால் பெரியம்மா விடமாட்டாள். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு ஏன் போட்டே? நான் என்ன கடனா கேக்கறேன்? பிள்ளையைக் கேக்கறேன். பணிவை எடுத்துடு."

ஒவ்வொரு வருடமும், இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் படியேறுவாள். மேலே போனதும் பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போடுவாள், தேநீர் ஆற்றிக் கொடுப்பாள், இளைச்சுப் போயிட்டியே என்பாள். வாய் தானாக அடைத்துக்கொள்ளும். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பேருந்து நிலையத்திலேயே மெக்கானிக் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். அவரிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். "நீ சொன்னா அவங்க மனசு ஆறுமா, இல்ல உன் மனசு ஆறுமா? அதை முதல்ல முடிவு பண்ணிக்க," என்றார். அவளால் முடிவு பண்ண முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் எட்டு வருடம் ஆகிவிட்டது.

முப்பத்தொன்றாவது மனுவுக்கு வந்த பதில் மற்றவை போல இல்லை. உறை தடிமனாக இருந்தது. பெரியம்மா பிரிக்காமல் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளிடம் கொடுத்தாள்.

"இது வருந்துகிறோம் இல்ல. கனமா இருக்கு. படி."

அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். அலுவலகத்துக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார். பழைய கோப்புகளையெல்லாம் உண்மையிலேயே எடுத்துப் படிக்கிற ஆள் போலிருக்கிறது. அம்மையாரின் மனுக்களில் ஒரு செய்தி மாறாமல் இருப்பதைக் கவனித்ததாக எழுதியிருந்தார். பலகையில் திரும்பிய நேரம் எழுதப்பட்டிருந்தது உண்மையானால் மறுவிசாரணைக்கு இடமுண்டு. அன்று பலகையில் எழுதியவர் உயிரோடு இருந்தால், எதைப் பார்த்து அல்லது யார் சொல்லி எழுதினார் என்று அவர் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பவும்.

வேறு என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரியம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்தாள்.

பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தாறு வயது முகம் அப்படியே மலர்ந்தது. "முப்பத்தொரு வருஷம். இப்பத்தான் ஒருத்தன் கேக்கத் தெரிஞ்சு கேட்டிருக்கான். எழுது, எழுது. யாரு போன் பண்ணிச் சொன்னாங்கன்னு எழுது."

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"பெரியம்மா, யாரும் சொல்லலை. போன் வரவே இல்லை."

"வரலைன்னா?"

"நானா எழுதினேன். அஞ்சு முன்னாடியே போட்டிருந்தது. நீங்க வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க. உங்க முகத்தைப் பார்க்க முடியலை. ஏதோ சத்தம் கேட்டுது, அவங்கதான் வராங்கன்னு நினைச்சு நாப்பத்திரண்டுன்னு எழுதிட்டேன். விமானம் வரலை பெரியம்மா. அவன் இறங்கவே இல்லை. எல்லாம் நான் பண்ணினதுதான்."

சொல்லி முடித்தாள். அழுகைகூட வரவில்லை. அடிப்பாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். உண்மையில் அதற்காகத்தான் முப்பத்தொரு வருடம் காத்திருந்தாள்.

பெரியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு வந்தாங்க உங்கிட்ட?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் வரலை பெரியம்மா."

"பயப்படாதே. எங்கிட்ட சொல்லு. வீட்டுக்கு வந்தாங்களா, வேலை பார்க்கிற இடத்துக்கு வந்தாங்களா? இப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினாங்களா?"

"சத்தியமா யாரும் வரலை. நிஜத்தைத்தான் சொல்றேன். நான்தான் எழுதினேன்."

"கை எப்படிச் சில்லுன்னு இருக்கு பாரு," என்றாள் பெரியம்மா. "முப்பத்தொரு வருஷமா சொல்லாததை, இவன் கேட்ட அன்னிக்கு வந்து சொல்றே. எனக்குப் புரியாதா?"

அவள் மறுபடி சொன்னாள். ஸ்டூலைச் சொன்னாள், ஒல்லி கேட்டதைச் சொன்னாள், இருபத்தெட்டு நிமிடத்தைச் சொன்னாள். எவ்வளவு விவரமாகச் சொன்னாளோ அவ்வளவுக்குப் பெரியம்மாவின் முகத்தில் இரக்கம் கூடியது. இத்தனை நுணுக்கமாக யாரோ இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். காலம் கடந்து சொல்லும் உண்மைக்கு இந்தக் கதிதான். கேட்பதற்கு அது பொய்யைவிட மோசமாக இருக்கும்.

கீழே கடையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மா காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எழுது."

"என்ன எழுதறது பெரியம்மா?"

"ஏழாவது வரிசை விமானம் அன்னிக்கு இறங்கலைன்னு எழுது. நான் வயசானவ. எனக்குப் படிப்பு கிடையாது. கண்ணும் சரியில்லை. பலகையைத் தப்பாப் பார்த்துட்டேன். இத்தனை வருஷம் உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். இனிமே மனு அனுப்ப மாட்டேன். இந்த விஷயத்தை மூடிடுங்க."

"வேணாம் பெரியம்மா. நானே என் கைப்பட நடந்ததை எழுதித் தரேன். அவங்க என்ன பண்ணினாலும் பண்ணட்டும்."

"பண்ணுவானுங்க. அதான் சொல்றேன். உன் பேரு அந்தக் காகிதத்துல வரக்கூடாது." பெரியம்மாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவனை விட்டுட்டேன். உன்னையும் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லைம்மா. எழுது."

எழுதினாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த மேஜையில் எழுதிய முதல் உண்மையான மனு அதுதான். அதைச் சொன்னவள் பொய்யென்று நினைத்துச் சொன்னாள். மகன் திரும்பி வருவான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே பிடியை, தன் கையாலேயே, அதைப் பொய்யாக எழுதிக் கொடுத்தவளுக்காகவே விட்டுவிட்டாள். எழுதியவளுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பணிவுடன் என்று எங்கேயும் போடவில்லை. படித்துக் காட்டினாள். பெரியம்மா ஒரு திருத்தமும் சொல்லாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

உறையை ஒட்டி முடித்த பிறகும் பலகைக்காரியால் எழுந்து போக முடியவில்லை. பெரியம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"இது அவங்களுக்கு எழுதினது. அது கெடக்கட்டும். நமக்குள்ள மறைக்க வேணாம். அவன் இறங்கினான். நீ பார்த்தே இல்ல?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"பார்த்தேன் பெரியம்மா," என்றாள்.